தரும யானையை விட்டு இறங்குன பாகன்

ஒரு ஊர்ல, கொம்படியூர் கொம்படியூர்னு ஒரு ஊர்ல, ஒரு ராசா இருந்தான். ராசான்னா வாளைத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போற ராசா இல்ல, வெத்தலை போடுற ராசா. எந்திரிச்சா வெத்தலை, சாப்பிட்டா வெத்தலை, தூங்கி முழிச்சா மறுபடியும் வெத்தலை. வழக்குன்னு யாராவது வந்து நின்னா அவனுக்குக் கொட்டாவி வந்துரும். ரெண்டு பக்கமும் கேக்கணும், சாட்சியைக் கூப்பிடணும், உக்காந்து யோசிக்கணும், இதுக்கெல்லாம் அவனுக்குப் பொறுமை ஏது?

அதனால அந்த ஊர்ல தீர்ப்பு சொல்றது யாரு தெரியுமா? யானை. சிரிக்காதடா, நெசமாத்தான் சொல்றேன். தாயம்மான்னு ஒரு பொட்டை யானை. கோயில் வாசல்ல பெரிய பொட்டல், அதுல குத்தம் சாட்டுன ஆளை உக்கார வைப்பாங்க. தாயம்மா தும்பிக்கையில ஒரு மாலையைக் கொடுத்து நடத்திக் கூட்டியாருவாங்க. அது அந்த ஆள் கழுத்துல மாலையைப் போட்டுச்சுன்னா அவன் நல்லவன், வீட்டுக்குப் போகலாம். மாலையைக் கீழ போட்டுட்டுக் காலைத் தூக்குச்சுன்னா, அவ்வளவுதான், அவன் கதை முடிஞ்சது. வாயில்லாச் சீவன் பொய் சொல்லாதுன்னு ஊரே நம்புச்சு. தரும யானைன்னு பேரு வச்சு, பூசணிக்காயும் கரும்பும் கொண்டாந்து குமிச்சு, விழுந்து கும்பிட்டுச்சு.

இதுல இன்னொரு வழக்கமும் இருந்துச்சு, அதைக் கேட்டுக்கோங்க. தரும யானை மிதிச்ச ஆளுக்கு யாரும் அழக்கூடாது. ஒப்பாரி கூடாது, கருமாதி கூடாது, அவன் பேரை வாயால சொல்லக்கூடாது. தெய்வமே குத்தவாளின்னு சொல்லிருச்சே, அப்புறம் என்ன அழுகை? பெத்தவளா இருந்தாலும் முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகணும்.

அந்த யானைக்குப் பாகன் ஒச்சப்பன்னு ஒருத்தன். அவன் அப்பனும் பாகன், பாட்டனும் பாகன். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே யானை மேல ஏறி உக்காந்தவன், இப்ப மீசை நரைச்சுப் போச்சு. அவனுக்கும் ராசாவுக்கும் மட்டும் ஒரு ரகசியம் தெரியும். ராசா உப்பரிகையில உக்காந்து வெத்தலை மென்னுக்கிட்டு இருப்பான்ல, அவனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு படிக்கம், எச்சி துப்புற பாத்திரம். வலது படிக்கத்துல துப்புனா ஒச்சப்பன் யானையோட வலது காதுக்குப் பின்னால தன் வலது கால் கட்டைவிரலை அழுத்துவான், யானை மாலையைப் போடும். இடது படிக்கத்துல துப்புனா இடது கால் விரலை அழுத்துவான், யானை காலைத் தூக்கும். தெய்வமும் இல்ல, தருமமும் இல்ல. எச்சில்தான் தீர்ப்பு.

ஒரு நாள் வெள்ளாமை பாக்குற ஒரு சம்சாரியைக் கொண்டாந்து உக்கார வச்சாங்க. அவன் கிணத்துத் தண்ணி மேல ராசாவுக்கு ஆசை. ராசா இடது பக்கம் துப்புனான். விரல் அழுந்துச்சு, யானை கால் தூக்குச்சு, ஊர் கும்பிட்டுச்சு.

அப்புறம் ஒரு நாள் ஒரு சலவைக்காரம்மாவை உக்கார வச்சாங்க. ராசாவோட மச்சினன் அவ கையைப் பிடிச்சு இழுத்தான், அவ ஈரத்துணியாலேயே அவன் மூஞ்சியில அடிச்சுட்டா. அதுக்கும் இடது பக்கம்தான் துப்புனான். விரல் அழுந்துச்சு, யானை கால் தூக்குச்சு, ஊர் கும்பிட்டுச்சு.

ஒவ்வொரு தடவையும் ஒச்சப்பன் தாயம்மாவைக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போயி, தேங்காய் நாரால காலைத் தேய் தேய்னு தேய்ப்பான். அன்னைக்கு அது கவளச் சோத்தைத் தொடாது, முகத்தைத் திருப்பிக்கும். இவன் மட்டும் தனக்குள்ள சொல்லிக்குவான், துப்புனது ராசா, மிதிச்சது யானை, நான் என்ன பண்ணேன், விரலை லேசா அழுத்துனேன், அவ்வளவுதானேன்னு. சொல்லிட்டு வீட்டுக்குப் போயி சாப்பிடவும் சாப்பிடுவான். ம் கொட்டுங்க, தூங்கிட்டீங்களா? இல்லையா? சரி.

அவன் பொண்டாட்டி அங்கம்மா. ஊர் நம்புனதுக்கு மேல அவ யானையை நம்புனா. வெள்ளிக்கிழமையானா தாயம்மா நெத்திக்கு மஞ்சள் பூசி, சூடம் காட்டி, அதுக்கப்புறம்தான் உலையே வைப்பா. அவளுக்குச் சீனின்னு ஒரு தம்பி. ஆத்தா செத்துப் போனதுல இருந்து அவதான் அவனை மடியில போட்டு வளத்தா. புள்ளை இல்லாத வீட்டுல அவன்தான் புள்ளை. அரண்மனைக் குதிரைக்குப் புல்லு அறுத்துப் போடுற வேலை அவனுக்கு.

இப்படி இருக்கையில ராணியோட நெத்திச்சுட்டி காணாமப் போச்சு. எங்க போச்சு? ராசாவே எடுத்து வேற ஒருத்திக்குக் கொடுத்துட்டான். ராணி வந்து எங்கேன்னு கேட்டதும் அவன் திருதிருன்னு முழிச்சான். முழிச்சவன் சாளரத்து வழியா எட்டிப் பாத்தான், புல்லுக்கட்டோட சீனி போய்க்கிட்டு இருந்தான். அந்தா, அவன்தான்னு கையைக் காட்டிட்டான்.

ஒச்சப்பன் ஓடுனான். ராசா காலைக் கட்டிக்கிட்டு, சாமி, அது என் புள்ளை மாதிரி, நான் இத்தனை வருசம் சொன்னதைத் தட்டுனதே இல்ல, இந்த ஒண்ணை எனக்காக விட்டுருங்கன்னு அழுதான். ராசாவும் சிரிச்சுக்கிட்டே, அட எந்திரிடா ஒச்சா, உன் மச்சினனை நான் விட்டுருவேனா, போய் ஆக வேண்டியதைப் பாருன்னு தட்டிக் கொடுத்து அனுப்பிட்டான். இவனும் நம்பிட்டான். எத்தனை பேருக்கு அவன் என்ன செஞ்சான்னு கூடவே இருந்து பாத்தவன், தனக்கு மட்டும் செய்ய மாட்டான்னு நம்பிட்டான் பாருங்க.

அங்கம்மாவுக்கோ பயமே இல்ல. என் தம்பி திருட மாட்டான், தாயம்மா பொய் சொல்ல மாட்டா, அப்புறம் எனக்கென்ன பயம்னு சொல்லிட்டு, அவனுக்குப் பிடிச்ச பணியாரத்துக்கு மாவு ஆட்டி வச்சுட்டு, பொட்டல்ல முதல் ஆளா போய் நின்னா. சீனியும் அக்காளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே உக்காந்தான்.

ஒச்சப்பன் யானை மேல உக்காந்து உப்பரிகையைப் பாத்தான். ராசா மென்னான், மென்னான், மென்னுக்கிட்டே இருந்தான். ராணி பக்கத்துல உக்காந்து அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. ராசா இடது பக்கம் துப்புனான்.

வேண்டாம்னு ஒச்சப்பன் மனசு நினைக்கிறதுக்குள்ள விரல் அழுந்திருச்சு. எத்தனையோ வருசமா எச்சில் விழுந்த திசைக்கே அழுந்திப் பழகுன விரல் கண்ணுகளா, அது அவனைக் கேக்கல. யானை கால் தூக்குச்சு. ஊர் கும்பிட்டுச்சு. அங்கம்மாவும் கும்பிட்டா.

இவன் எப்படி வீடு வந்து சேந்தான்னு அவனுக்கே தெரியாது. வந்து பாத்தா அங்கம்மா அழுகவே இல்ல. சீனியோட வேட்டி, துண்டு, படுக்குற பாய் எல்லாத்தையும் கொல்லையில போட்டுத் தீ வச்சுக்கிட்டு இருந்தா. ஆட்டி வச்ச மாவைக் குப்பையில கொட்டியிருந்தா. இவன் வாயைப் பொத்திக்கிட்டு அழுகுறதைப் பாத்துட்டு, "நீங்க ஏங்க அழுகுறீங்க? தாயம்மாவுக்கு அபச்சாரம் ஆயிரும். திருட்டுப் பயலையா நான் மடியில போட்டு வளத்தேன், என்னையச் சொல்லணும்"னு சொன்னா.

அப்பத்தான் அவனுக்கு உறைச்சுச்சு. சீனியைப் பொட்டல்ல ஒரு தடவை கொன்னேன், இப்ப வளத்தவ மனசுக்குள்ளயும் நானே கொன்னுட்டேனேன்னு நினைச்சான். அந்தச் சம்சாரிக்கு ஒரு ஆத்தா இருந்திருப்பா, அந்தச் சலவைக்காரம்மாவுக்கு ஒரு புள்ளை இருந்திருக்கும், அவங்களும் இப்படித்தானே துணியைப் போட்டு எரிச்சிருப்பாங்கன்னு நினைச்சான். ஆனா அவகிட்ட உண்மையை அன்னைக்குச் சொல்லல.

விடிஞ்சதும் ராசாகிட்டப் போனான். எனக்கு இந்த வேலை வேண்டாம் சாமின்னான். ராசாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. நிலம் தாரேன்னான், வேண்டாம்னான். தலைப்பாகைக்குப் பட்டுத் தாரேன்னான், வேண்டாம்னான். உன் தலையை வாங்கிருவேன்னான், வாங்கிக்கோங்கன்னான்.

"ஏண்டா ஒச்சா, யானை மேல இருந்து இறங்கிட்டா நீ யாருடா? உனக்கு வேற என்ன தெரியும்?"னு ராசா கேட்டான்.

"ஒண்ணும் தெரியாது சாமி. இறங்குனதுக்கு அப்புறம்தான் பாக்கணும்"னு சொன்னான் இவன்.

ராசா யோசிச்சான். இவனை இப்பக் கொன்னா யானை அடங்காது, புதுப் பாகன் பழகணும். அதனால, சரி, வழக்கு ஒண்ணு பாக்கி இருக்கு, அதை முடிச்சுட்டுப் போயிருன்னான். ஒச்சப்பனும் சரின்னுட்டான்.

அன்னைக்குப் பொட்டல்ல ஒரு கிழவியை உக்கார வச்சிருந்தாங்க. அரண்மனைத் தோட்டத்துல சுள்ளி பொறுக்கிட்டாளாம், அது ஒரு குத்தம். ராசா வெத்தலையை வாயில போடுறதுக்குள்ள ஒச்சப்பன் யானையை நடத்திக்கிட்டு வந்து, "ஆத்தா, கொஞ்சம் எந்திரிச்சுத் தள்ளி நில்லு"ன்னான். படையலுக்குக் குமிச்சிருந்த பூசணிக்காயில ஒண்ணை அவ உக்காந்த இடத்துல வைக்கச் சொன்னான். ஏதோ புதுச் சடங்கு போலன்னு ஊர் பாத்துச்சு, ராசாவும் பாத்தான்.

ஒச்சப்பன் சத்தமா, இந்தப் பூசணிக்காய் திருடிருச்சு, தரும யானை தீர்ப்பு சொல்லட்டும்னான். யானை காலைத் தூக்கி மிதிச்சுச்சு, காய் செதறிப் போச்சு. அதே கொடியில காய்ச்ச இன்னொண்ணை வைக்கச் சொன்னான், இது உத்தமமான காய்னான். யானை பூசணிக்காய்க்கு மாலையைப் போட்டுச்சு. சின்னப் பிள்ளைக சிரிச்சதுக. பெரியவங்க சிரிக்கல. மூணாவது காயை வச்சுட்டு, இதுக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்கன்னு கேட்டான். கூட்டத்துல இருந்து யாரோ, விட்டுருன்னாங்க. யானை மாலையைப் போட்டுச்சு.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கிட்டு அங்கம்மா வந்தா. யானைக்குப் பக்கத்துல வந்து நின்னு, அண்ணாந்து, யானைக் காதுக்குப் பின்னால இருந்த புருசன் காலைப் பாத்தா.

"சீனிக்கு எந்தக் காலுங்க?"னு கேட்டா.

"இடது கால்"னான்.

அவ அங்கேயே பூசணிச் செதறல் மேல உக்காந்துட்டா. உக்காந்து, தம்பி பேரைச் சொல்லி ஒரு ஒப்பாரி எடுத்தா பாருங்க, அதைக் கேட்டதும் அந்தச் சம்சாரியைப் பெத்தவ உக்காந்தா, அந்தச் சலவைக்காரம்மா மக உக்காந்தா. எத்தனையோ வருசத்துக்கு முன்னாடி செத்தவங்களுக்கெல்லாம் அன்னைக்குத்தான் அழுதாங்க. தெருத்தெருவா அழுகை. பாகனைப் பிடிங்கடான்னு ராசா மேல இருந்து கத்துனான், காவக்காரங்க ஈட்டியைக் கீழ போட்டுட்டு அவங்களும் அழுதுக்கிட்டு இருந்தாங்க, அவங்க வீட்டுலயும் செத்தவங்க உண்டே.

ஒச்சப்பன் யானையை விட்டுக் கீழ இறங்குனான். சுள்ளி பொறுக்குன கிழவிதான் முன்னால வந்தா. "ராசா, தரும யானைன்னு நீங்கதானே சொன்னீங்க. இந்தா பாகன் இறங்கிட்டான், இனி யார் விரலும் அது மேல இல்ல. வந்து உக்காருங்க, அதுவா என்ன சொல்லுதுன்னு பாப்போம்"னா.

யாரும் ராசாவை அடிக்கல. கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. தாயம்மா அவன் எதுக்க வந்து நின்னுச்சு. மாலையும் போடல, காலும் தூக்கல. சும்மா நின்னுச்சு. இப்பத் தூக்கும், இப்பத் தூக்கும்னு அவன் அந்தக் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். எந்திரிக்கவும் பயம், உக்காரவும் பயம். வெயில் ஏறி இறங்குச்சு, யானை நகரல. பாத்துப் பாத்தே நெஞ்சடைச்சுச் செத்துப் போனான். அவனுக்கு மட்டும் அந்த ஊர்ல யாரும் அழல.

ஒச்சப்பன் தன் வீட்டு வாசல்ல போய் நின்னான். உள்ள போகல. அங்கம்மா கதவுகிட்ட வந்தா, அழுது அழுது குரலே போயிருச்சு அவளுக்கு.

"நீங்க இறங்குனது சரிதாங்க. சீனிக்கு முன்னாடி இறங்கியிருக்கணும்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டா.

அவன் கொஞ்ச நேரம் நின்னு பாத்தான். கதவு திறக்கல. தாயம்மா காட்டுப் பக்கமா நடந்துச்சு, அவனும் அது பின்னாலயே நடந்து போனான், மேல ஏறல. அப்புறம் அவனை யாரும் பாக்கல.

அதனாலதான் சொல்றேன் கண்ணுகளா, செய்யுற வேலை தப்புன்னு மனசு சொன்னா, அன்னைக்கே இறங்கிரணும். பின்னால இறங்குனாலும் இறங்குனதுதான், இல்லேங்கல. ஆனா போன உசுரு திரும்பி வராது. கதை காட்டுக்குப் போயிருச்சு, கேட்ட காது வீட்டுல இருக்கு. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுங்க.