வயர் இல்லாத எலி

சீடருக்கு ஐம்பது வயது. குருவுக்கு நாற்பது. சிரிக்க வேண்டாம். ஆராய்ச்சிக்கூடங்களில் இதெல்லாம் உண்டு.

சீடர் ஆவுடையப்பன் கல்லூரி ஆசிரியர். முனைவர் பட்டத்துக்காகச் சுண்டெலி வளர்த்தார். அதன் மூளையில் சில நரம்பு செல்களை ஒளிக்குக் கட்டுப்படும்படி மாற்றியிருந்தார். ஒளி விழுந்தால் எலி இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பியது.

முதலில் ஒளி ஒரு மெல்லிய கண்ணாடி இழை வயர் வழியாக எலியின் தலைக்குப் போனது. எலி ஓட ஓட வயர் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அதைக் கையால் தூக்கிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். இப்போது வயர் கிடையாது. மண்டைக்குள்ளேயே உளுந்தளவு விளக்கு. கூண்டுக்கு அடியில் ஒரு பெட்டி. விளக்குக்கு மின்சாரம் அங்கிருந்து வயர் இல்லாமலே வரும்.

ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி வாரம். குரு மரகதவல்லி கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் எலியைப் பார்க்க வந்தார்.

"மேடம், ஒரு கேள்வி. வயரும் போயாச்சு. இனி எலியைத் திருப்புறது ஒளி மட்டும்தானே? அப்படியே எழுதிரலாமா?"

மரகதவல்லி மேசைக்கு அடியில் குனிந்தார். நிமிர்ந்தார்.

"போடுங்க சார்."

போட்டார். எலி இடப்பக்கம் திரும்பியது.

"பாத்தீங்களா! என் மகன்கூட இப்படிச் சொன்ன பேச்சு கேக்க மாட்டான்."

மரகதவல்லி கையை விரித்தார். பெட்டியின் பிளக் அதில் இருந்தது.

"கரண்ட்டே இல்லையா?"

"இல்லை."

"அப்ப எலியைத் திருப்பினது யாரு?"

"இன்னொரு தடவை போடுங்க. உங்க கையைப் பாத்துக்கிட்டே போடுங்க."

பார்த்தார். சுவிட்சுக்குப் போகும் முன் அவர் கை, எலியின் வலப்பக்கமாகக் கூண்டுக்குள் இறங்கியது. இரண்டு விரல் சேர்ந்து இல்லாத வயரைத் தூக்கின. எலி இடப்பக்கம் ஒதுங்கியது.

கை அந்தரத்திலேயே நின்றது.

"ஒளி போடாமலும் சோதிச்சீங்களே, எலி திரும்பலைன்னு. அப்பக் கை எங்க இருந்துச்சு?"

"மடியில."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில் போயிற்று.

"நாலு வருஷம் மேடம்."

"ஆமா."

"மறுபடி முதல்லேருந்தா? அதுக்குள்ள ஆராய்ச்சிப் பதிவுக் காலமே முடிஞ்சிரும். எனக்குப் பட்டம் கிடையாது."

"கிடைக்காமப் போகலாம்."

ஆவுடையப்பன் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒளியும் கொஞ்சம் திருப்பியிருக்கலாம்ல? இதெல்லாம் உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாதே மேடம்."

மரகதவல்லி கூண்டுக்குள் தீனி போட்டார்.

"எலிக்குத் தெரியுமே சார்."