துரைக்குத் துக்கம் கேட்டவர்கள்

"சாமி, மறக்கறதுக்கு ஒரு வழி சொல்லணும்."

ஆவுடையப்பன் இப்படிக் கேட்டபோது சாமியார் ஆற்றங்கரை மடத்துக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டவருக்கு எழுபத்திரண்டு வயசு. சாமியாருக்கு அதைவிடப் பன்னிரண்டு குறைவு. இருந்தாலும் பத்து வருஷமாக ஆவுடையப்பனுக்கு அவர்தான் குரு.

"எதை மறக்கணும்?"

"துரையை."

துரை ஒரு பூனை. பதினாலு வருஷம் ஆவுடையப்பன் வீட்டில் ராஜாங்கம் பண்ணிவிட்டு, போன செவ்வாய்க்கிழமை செத்துப்போயிருந்தது.

"வீட்டுல சொன்னீங்களா?"

"சொன்னேன். எம்மகன் நாயகம் சிரிச்சுட்டான் சாமி. 'ஒரு பூனைக்கா இந்தப் பாடு? வேற ஒண்ணு வாங்கித் தாரேன்'ங்கான். பக்கத்து வீட்டுக்காரர் முனிசிபாலிட்டிக்குச் சொல்லியாச்சான்னு கேக்காரு. அஞ்சு நாளாச் சோறு இறங்கல. இந்த வயசுல பூனைக்கு அழுதேன்னு வெளிய சொல்லவும் வெக்கமா இருக்கு."

முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனுஷன். எத்தனை வளைவு, எத்தனை மழை! ஒரு நாள் கை நடுங்கியதில்லை. இப்போது துண்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

சாமியார் கீரையை ஒதுக்கி வைத்தார். எழுந்து வாசலுக்குப் போனார். தோளில் கிடந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்ப உள்ளே வந்தார். ஆவுடையப்பனுக்கு எதிரே தலை குனிந்து உட்கார்ந்தார். அப்புறம் தணிந்த குரலில் கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

அட, துக்க வீட்டில் கேட்கிற கேள்வி! ஆவுடையப்பன் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"திங்கக்கிழமை பால் குடிக்கல. மறுநாள் விடிஞ்சு பார்த்தா அரிசிப் பானைக்குப் பின்னால கிடந்தான். கை வச்சேன். சில்லுன்னு இருந்தான்."

அவ்வளவுதான். அதற்குமேல் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சாமியார் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

அழுகைச் சத்தம் கேட்டு மடத்தில் சமைக்கிற இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். வந்து உட்காரும்படி சாமியார் தலையை அசைத்தார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிண்ணே ஆச்சு?"

ஆவுடையப்பன் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை பேச்சு ஒரு மாசம் பின்னால் போனது. துரைக்குப் பல் விழுந்தது, டாக்டர் "வயசாயிட்டு, வேற ஒண்ணுமில்ல" என்று கையை விரித்தது, மீனை முள்ளெடுத்து மசித்து ஊட்டியது.

"அவனுக்கு ஊட்டுறப்போ நானும் ரெண்டு வாய் சாப்பிடுவேன் தாயி."

இசக்கியம்மாள் எழுந்து போய் ஒரு தட்டில் சோறும் ரசமும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

அடுத்து தோட்டக்காரர் நம்பிராஜன். மண்வெட்டியை வெளியே சாத்திவிட்டு வந்தார்.

"எப்படிங்க ஆச்சு?"

பேச்சு இன்னும் பின்னால் போனது.

"எம் வீட்டுக்காரி செத்த பதினாறாம் நாளு. வந்த சனமெல்லாம் மூட்டையைக் கட்டிட்டுப் போயாச்சு. அன்னைக்கு இவன் போயி அவ கட்டில்ல ஏறிப் படுத்தான். இறங்குலேன்னு அதட்டினேன். ம்ஹூம்! நாலு வருஷமா அந்தக் கட்டில் காலியாக் கிடந்து நான் பார்த்ததே இல்ல. எவ்வளவு பெரிய உபகாரம் பாருங்க. ஒரு பய எனக்கு அப்படிச் செய்யல. அவன் செஞ்சான்."

நம்பிராஜன் மூக்கை உறிஞ்சினார். பேச்சுவாக்கில் ஆவுடையப்பன் தட்டுச் சோற்றை முக்கால்வாசி முடித்திருந்தார். யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

மத்தியானம் நாயகம் அப்பாவைக் கூட்டிப்போக பைக்கில் வந்தான். உள்ளே நாலு பேர் கண் சிவந்து தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவனுக்குத் திக்கென்றது. ஏதோ பெரிய சாவு என்றே நினைத்துவிட்டான். போனை அணைத்தான். சத்தமில்லாமல் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யாருப்பா?" என்றான் மெதுவாக.

"துரைதாம்லே."

சிரிப்பு அவன் உதடுவரைக்கும் வந்தது. சுற்றிலும் பார்த்தான். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அப்பா முகத்தைப் பார்த்தான். அஞ்சு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் அதை அவன் பார்த்திருக்கவில்லை.

தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்படிப்பா ஆச்சு?"

ஆவுடையப்பன் மகனின் முழங்காலில் கையை வைத்தார்.

"அது கிடக்கட்டும்லே. அவன் எப்படி வந்தான்னு கேளு."

பஸ் இஞ்சினுக்குள் குட்டிப்பூனை கத்தியதும், நடுவழியில் வண்டியை நிறுத்தி அப்பா அதை வெளியே எடுத்ததும், பயணிகள் திட்டித் தீர்த்ததும் பதினாலு வருஷமாக நாயகத்துக்கு மனப்பாடம்.

"எப்படிப்பா வந்தான்?" என்று கேட்டான்.