கொக்கு தின்ற பத்தியச் சாப்பாடு

ஏரிக்கரை வளை ஒன்றில் தாண்டவன் என்ற பெருச்சாளியும் அவன் மனைவி அஞ்சலையும் குடியிருந்தார்கள். தாண்டவன் நடந்தால் வயிறு முன்னால் போகும், அவன் பின்னால் போவான்.

அந்த வளைக்கு இரண்டு வாசல். முன்வாசல் அகலம். பின்வாசல் குறுகல், ஆபத்துக்கு ஓடித் தப்பிக்கத் தோண்டியது. ஒருநாள் அதில் நுழைந்து பார்த்த தாண்டவன் பாதியில் சிக்கிக்கொண்டான். அஞ்சலை காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள்.

"என்னங்க இது! ரெண்டு மாசத்துல அறுவடை முடிஞ்சிரும். அப்புறம் வயல்ல எலி கிடைக்காம சாரைப்பாம்பு கரைக்கு ஏறி வரும். அது முன்வாசல்ல தலைய நீட்டுனா நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

தாண்டவன் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தான். "என்னடி செய்யறது?"

"நான் சமைச்சுப் போடறேன். தினமும் வேற வேற சாப்பாடு. ஒரு சிரட்டை சோறு, ரெண்டு சிரட்டை காய். அதுக்கு மேல கேட்கக் கூடாது. வெளிய எதையும் வாயில வைக்கக் கூடாது. தானா இளைச்சிருவீங்க!"

முதல் நாள் வரகரிசிச் சோறும் அயிரை மீன் குழம்பும் செய்தாள். மறுநாள் கேழ்வரகுக் களி, பசலைக்கீரை மசியல். மூன்றாம் நாள் நண்டு ரசமும் சுரைக்காய்க் கூட்டும், தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல்.

தாண்டவன் சிரட்டையை வழித்து நக்கினான். நக்கி முடித்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'இவ்வளவு ருசியா இருக்கே! ருசியாச் சாப்பிட்டா எவன் இளைப்பான்? இவளுக்கு என்ன தெரியும்? சமைக்கத்தான் தெரியும்!'

உடனே ஒற்றைக்கால் ஐயாவைப் பார்க்கப் போனான்.

ஒற்றைக்கால் ஐயா ஒரு கொக்கு. மீன் வரும்வரை ஒரு காலில் நிற்பார். அதைத் தவம் என்று கரை முழுக்க நம்பியது. ஐயாவும் மறுக்கவில்லை.

"ஐயா, நான் இளைக்கணும்! உங்களை மாதிரி ஆகணும்!"

கொக்கு ஒரு கண்ணைத் திறந்தது. "அப்பனே, நானும் ஒரு காலத்தில் கூழைக்கடா போல இருந்தவன்தான். வாயைக் கட்டினேன், இப்படி ஆனேன். இன்று முதல் உனக்கு அருகம்புல் சாறு மட்டும்தான். வேறு எதுவும் கூடாது!"

"கசக்குமா ஐயா?"

"குடலே வெளியே வரும்போல் இருக்கும்."

தாண்டவனுக்குப் பரம திருப்தி. இதல்லவா வைத்தியம்!

"வீட்டில் யார் சமையல்?" என்று கொக்கு கேட்டது.

"என் சம்சாரம் ஐயா. இன்னைக்கு நண்டு ரசம் வெச்சா."

கொக்கின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. "ஆபத்து! அந்த வாசனை உன்னைக் கெடுத்துவிடும். தினமும் அதைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிடு. அதை அழிக்கிற பொறுப்பு என்னுடையது!"

"எனக்காக இவ்வளவு சிரமமா ஐயா!" தாண்டவன் கண் கலங்கினான்.

அன்றிலிருந்து அஞ்சலை பரிமாறியதும், "கரையில காத்தாடச் சாப்பிடறேன்" என்று சிரட்டைகளோடு கிளம்பிவிடுவான். கொக்கு நத்தைப் பிரட்டலை ஒவ்வொன்றாகக் கொத்தி அழித்தது. பூசணிக் கூட்டை அழித்தது. கொள்ளுத் துவையலை அலகு நுனியால் வழித்து அழித்தது. எதிரே உட்கார்ந்து தாண்டவன் அருகம்புல் சாற்றைக் குடித்து உமட்டினான்.

"சீரகம் ஒரு சிட்டிகை கூடுதல்," என்று ஒருநாள் கொக்கு சொன்னது. "நாளை குறைக்கச் சொல். அழிக்கக் கஷ்டமாக இருக்கிறது."

வெறும் சாறு எத்தனை நேரம் தாங்கும்? பொழுது சாய்வதற்குள் தாண்டவனுக்கு வயிறு பற்றி எரியும். கால்கள் தாமாகக் கடலைக் காட்டுக்குப் போகும். அங்கே தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொள்வான். 'இது சமைச்சதா? இல்லையே! சமைக்காததை யாராவது சாப்பாடுன்னு சொல்லுவாங்களா?' அந்த நியாயத்தில் நாலு செடி காலியாகும். வரும் வழியில் கரும்பாலைப் பக்கம் சிந்திக் கிடக்கும் வெல்லப்பாகை நக்குவான். 'நக்கறது திங்கறதுல சேராது!'

இரண்டு மாதம் ஓடியது. தாண்டவனுக்குக் கழுத்து இருந்த இடம் தெரியவில்லை.

"ஐயா, இளைச்ச மாதிரி தெரியலையே?"

"வெளியே போகிற கொழுப்பு முதலில் வாசலில் வந்து கூடும், அப்பனே! நல்ல அறிகுறி!"

அஞ்சலை மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு சிரட்டை சோத்துக்கா இந்த உடம்பு?"

"உன் சமையல் லட்சணம் அப்படி!" என்று சீறினான் தாண்டவன். அவள் முகம் சுண்டிப்போனது. மறுநாள் ஒரு சிரட்டைச் சோற்றை முக்கால் சிரட்டை ஆக்கினாள். கொக்கு கோபித்துக்கொண்டது.

அறுவடை முடிந்தது. ஒரு மத்தியானம் தாண்டவன் சிரட்டைகளைக் கொக்கிடம் சேர்த்துவிட்டு வளைக்குள் வந்து கால் நீட்டினான். முன்வாசலில் வெளிச்சம் மறைந்தது. சரசரவென்று ஒரு சத்தம்.

"சாரை! ஓடுங்க!" அஞ்சலை பின்வாசல் வழியே பாய்ந்து வெளியேறினாள். தாண்டவனும் பாய்ந்தான். தலை வெளியே வந்தது. தோள் வந்தது. வயிறு வரவில்லை.

எதிரே கரையில் கொக்கு அன்றைய மீன் குழம்பை அழித்துக்கொண்டிருந்தது.

"ஐயா! காப்பாத்துங்க! உங்க அலகால என்னைப் பிடிச்சு இழுங்க!"

கொக்கு பாம்பின் சீறலைக் கேட்டது. மிச்சமிருந்த மீனை ஒரே வாயில் விழுங்கியது. "அப்பனே, உனக்கு நம்பிக்கை போதவில்லை!" என்று சொல்லிவிட்டுப் பறந்தே போய்விட்டது.

கொக்கு நின்ற இடத்தில் கிடந்த சிரட்டைகளை அஞ்சலை பார்த்தாள். அவள் கையால் கழுவி வைத்த சிரட்டைகள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு ஓடிவந்து இரண்டு கையாலும் வாசல் மண்ணைப் பறித்தாள். பல்லால் கடித்துப் பெயர்த்தாள். உள்ளே தாண்டவன் பின்னங்காலால் மண்ணை வாரிப் பாம்பின் கண்ணில் அடித்தான். "ஐயோ! வால்! என் வால்!"

மண் சரிந்தது. தாண்டவன் உருண்டு வெளியே விழுந்தான். அவனுடைய பாதி வால் பாம்போடு போய்விட்டது.

இருவரும் ஓடிப்போய்த் தாழம்புதருக்குள் புதுவளை தோண்டினார்கள்.  மூன்றாம் நாள் சோறு போட்டுவிட்டு அஞ்சலை கேட்டாள்.

"அந்தக் கொக்கு பார்க்க எப்படி இருந்துச்சு?"

"ஒல்லியா இருந்துச்சு."

"ரெண்டு மாசமா யார் சமையலச் சாப்பிட்டுச்சு?"

தாண்டவன் சிரட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தினைச் சோற்றையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் மெதுவாக மென்று சாப்பிட்டான். அடுத்த நாள் காளான் குழம்பு. அதற்கடுத்த நாள் கம்பங்கூழும் சுட்ட கருவாடும். கடலைக் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மழை தொடங்குவதற்குள் வயிறு வற்றி, அவன் கழுத்து திரும்பக் கிடைத்தது.

அக்கம்பக்கத்து எலிகள் கூடிவிட்டன. "அண்ணே, எப்படி இளைச்சீங்க? ரகசியத்தச் சொல்லுங்க!"

தாண்டவன் நெஞ்சை நிமிர்த்தினான். "அது ஒரு கடுமையான விரதம், தம்பிகளா! மன உறுதி வேணும்! நான் என்ன பண்ணேன்னா…"

உள்ளே இருந்து அஞ்சலை கனைத்தாள்.

"…வீட்டுல போட்டதச் சாப்பிட்டேன்," என்று முடித்தான் தாண்டவன்.

எலிகளுக்கு இது பிடிக்கவில்லை. 'என்னமோ மறைக்கிறான்' என்று முணுமுணுத்தபடி, ஏரியின் அக்கரையில் புதிதாக வந்து ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு மகானைத் தேடிப் புறப்பட்டன.

வீட்டில் ருசியாகவும் அளவாகவும் கிடைப்பதை அலட்சியம் செய்து, கசந்தால்தான் பலன் என்று நம்புகிறவன், தானும் இளைக்க மாட்டான், தன் சோற்றால் ஏமாற்றுக்காரனையும் வளர்ப்பான்.