ஏழாவது பிடி

மேகம் நடமாடுகிற மலை அது. காலையில் கதவைத் திறந்தால் விருந்தாளி மாதிரி உள்ளே வரும், கொஞ்ச நேரம் இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அங்கே ஒரு சின்ன மடம். குருவம்மா என்று ஊரே கூப்பிடுகிற பெண்மணிக்கு நாற்பது வயசுகூட நிரம்பவில்லை.

மாசம் ஒரு தடவை மலையேறி வரும் மரகதம், அன்றைக்கு மகள் நிறைமதியையும் கூட்டி வந்திருந்தாள். பிள்ளை ஏழாம் வகுப்பு. வாசலில் நின்று மேகத்தைக் கையால் அளைந்துகொண்டிருந்தது.

அன்றைய சமையல் முறை மரகதத்துக்கு. மடத்து அடுப்பில் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை. சாமை அரிசியைக் களைந்துகொண்டே மெதுவாய்ப் பேச்செடுத்தாள்.

"அம்மா, இவ சோத்து டப்பாவை தினமும் கூட்டாளிப் புள்ளைங்களுக்கே குடுத்துடறா. குடுக்கலேன்னா இவளைத் தங்களோட சேத்துக்க மாட்டாங்களாம், டீச்சர் சொன்னாங்க. போன வாரம் பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா."

"கேட்டியா?"

"கேட்டா சிரிக்கிறா. வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

"ம்."

"கல்லு மனசா வளக்க எனக்கு இஷ்டமில்லைம்மா. அதுக்காக நாலு பேரு மிதிக்கிற படிக்கட்டாவும் ஆயிடக் கூடாது. இரக்கமும் இருக்கணும், தலை நிமிந்தும் நிக்கணும். அப்படி ஒரு பொண்ணை எப்படி வளக்கிறது?"

குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"முதல்ல சோறாக்கு. பசிக்குது."

சோறு வெந்தது. ஆறு இலை விழுந்தது. குருவம்மா, சீடர்கள் நாலு பேர், நிறைமதி. வரிசையின் கடைசியில் மேகமும் வந்து குந்திக்கொண்டது போலிருந்தது. மரகதம் ஒரு இலை விடாமல் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள்.

ஒருத்தர் கையும் இலைக்குப் போகவில்லை.

"ஏங்க, உப்பு கூடிடுச்சா?"

"வாயில வச்சாத்தானே தெரியும்" என்றார் பொன்னுரங்கம். பஸ் கண்டக்டராய் இருந்து சீடரானவர். "மூணு மாசமா பாக்குறியே தாயி, மறந்துட்டியா? சமைச்சவங்க முதல் வாய் சாப்பிடாம இங்க யாரும் இலையைத் தொடக் கூடாது. வெரசா உக்காரு. என் வயிறு ரெண்டு விசில் குடுத்து ரொம்ப நேரமாச்சு."

மரகதம் சிரித்தாள். "நான் கடைசியில பாத்துக்கறேங்க. நீங்க சாப்பிடுங்க."

"உன் இலை எங்கே?" என்றார் குருவம்மா.

வேறு வழியில்லாமல் இலை போட்டு உட்கார்ந்தாள். குருவம்மாவே எழுந்துபோய்ப் பானையைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒட்டிக் கிடந்தது நாலு பருக்கை.

"எத்தனை பிடி அரிசி போட்டே?"

"ஆளுக்கு ஒண்ணு. ஆறு பிடி."

"உனக்கு?"

"என்னை நான் எண்ணுறதில்லைங்களே. வீட்லயும் அப்படித்தான். மிஞ்சினா சாப்பிடுவேன்."

ஈர வாடையோடு மேகம் இலைகளுக்கு மேலாய் ஊர்ந்து போனது.

அப்போது நிறைமதி தன் இலையை இரண்டு கையாலும் பிடித்து, அம்மா முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"நீ சாப்பிடும்மா. எனக்குப் பசிக்கவே இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இருட்டு பிரியுமுன் எழுந்து வெறும் வயிற்றோடு மலையேறின பிள்ளை. கண்ணு உள்ளே போயிருந்தது. மரகதம் அந்த முகத்தையே பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதுசில்லை. வீட்டில் சட்டி காலியாகிற நேரத்தில் தன் முகத்திலேயே வந்து உட்காருகிற சிரிப்பு. பிள்ளை அச்சு மாறாமல் எடுத்து வைத்திருந்தது.

"ஐயோ, நீ சாப்பிடு கண்ணு" என்று இலையைத் திருப்பித் தள்ளினாள்.

"வேணாம்மா, நீ சாப்பிடு."

இலை அங்கேயும் இங்கேயும் போய்வந்தது. நடுவில் கிழிந்தது. பாதிச் சோறு தரையில் கொட்டியது. அம்மா வாயிலும் விழவில்லை, மகள் வாயிலும் விழவில்லை.

மரகதம் சிந்தின சோற்றின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். குருவம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்மா?"

குருவம்மா தம் இலையில் கை வைக்காமலே சொன்னார்.

"அடுப்பு இன்னும் அணையலை. எழுந்துபோய் உனக்குன்னு ஒரு பிடி போடு. வெந்து இறக்கி, நீ முதல் வாய் சாப்பிடற வரைக்கும் நாங்க காத்திருக்கோம். உன் மகளும் அதுக்குத்தான் காத்திருக்கா."