தணிகைவேல் கேட்ட பிராசசர்

உமையாள் குருவிடம் வீடுபேறு பற்றிக் கேட்க வந்தவர்கள் உண்டு. பில்லி சூனியம் பற்றிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. லேப்டாப்புக்கு எந்தப் பிராசசர் நல்லது என்று கேட்டவர் தணிகைவேல் ஒருவர்தான்.

அவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்த சீடர். குரு துறவுக்கு முன்னால் கணினி வேலை பார்த்தவர் என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். துறந்ததைக் கிளறக்கூடாது என்று யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தணிகைவேல் எடுத்தார்.

"எதுக்கு ஐயா?" என்றார் குரு.

"நெட் பாக்கணும்மா. அப்புறம் சின்னதா ஒரு கேம் ஆடணும்."

"யாரு ஆடறது?"

"நான்தான்."

மடத்துக்குப் புதியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "இந்த வயசுல விளையாட்டு கேக்குதா பெரியவருக்கு?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் புதியவரின் தொடையைக் கிள்ளினார்.

"நெட்டுக்கும் சின்ன கேமுக்கும் ஐ-த்ரீ பிராசசரே தாராளம்," என்றார் குரு.

"பத்தாதும்மா. வீட்ல இருக்கறது ஐ-ஃபைவ். அதுவே திணறுது. ஐ-செவன் வாங்கலாமா, ரைசன்ல பெரிசா போயிடலாமான்னு பாக்கறேன்."

"ஐ-ஃபைவ் இதுக்குத் திணறாதே."

"திணறுது. வண்டி மேடு ஏறலைன்னா எஞ்சினைத்தானேம்மா பாக்கணும்? ஆயுசு பூரா பஸ் ஓட்டின கை இது. கையில கோளாறு இருக்காது."

குரு அவர் கைகளைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில அதை எடுத்துக்கிட்டு வாங்க," என்றார்.

விடிந்ததும் தணிகைவேல் வந்தார். லேப்டாப்பைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அது அவர் மகள் பொற்கொடியுடையது. ஒரே பெண். போன கார்த்திகையில் டெங்குக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கிறது. கொடுமை என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

போனிலிருந்து நெட் இணைத்து விளையாட்டைத் திறந்தார். உடைந்த பாலத்தின் மேல் இரண்டு பொம்மைகள் கைகோத்து நின்றன. இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றை ஆட்டவேண்டும். இடைவெளி வரும்போது இருவரும் ஒன்றாகக் குதிக்கவேண்டும். ஒருவர் பிந்தினாலும் இரண்டு பொம்மைகளும் ஆற்றில்தான்.

"இன்னொரு பொம்மை யாரு?"

"தர்ஷிகா. சிலோன் தமிழ்ப் பொண்ணு, கனடாவுல இருக்குது. பொற்கொடியும் அதுவும் நேர்ல பாத்ததே கிடையாது. இந்த கேம்லதான் பழக்கம்."

"இப்ப உங்களோட ஆடறது அதுக்குத் தெரியுமா?"

தணிகைவேல் தலை குனிந்துகொண்டார்.

"பொற்கொடியோட ஆடறதாத்தான் நினைச்சுக்கிட்டு இருக்குது."

தணிகைவேல் தொடர்ந்தார்.

"கருமாதி முடிஞ்சு ஒருநாள் சும்மா திறந்தேன். 'எங்கயடி போனனீ, விளையாட வா'ன்னு அந்தப் பொண்ணு எழுதியிருந்துச்சு. 'வர்றேன்'னு போட்டுட்டேன். அந்த ஒரு வார்த்தையை எழுதினதும், பொற்கொடி உள் ரூம்ல இருக்கற மாதிரியே இருந்துச்சும்மா. அதுக்கப்புறம் விட முடியலை. இந்த கேம் பாட்டுச் சத்தம் கேட்டா என் சம்சாரம் அடுப்படியை விட்டு வெளியவே வர்றதில்லை. அப்பவும் விட முடியலை."

"பிராசசர் எதுக்கு?"

"நான் பிந்தறேன். பொற்கொடி பிந்தவே மாட்டா. ஏன் இப்படி ஆடறேன்னு அந்தப் பொண்ணு கேக்குது. லேப்டாப் பழசாயிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்தப் பொய் வெளிய வந்துட்டா, பொற்கொடி இருக்கற இடம் இது ஒண்ணுதான், இதுவும் போயிடும்."

குரு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ தட்டி, திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டத்தைத் திறந்தார். அதில் ஒரு நீலக்கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

"பிராசசர் எவ்வளவு உழைக்குதுன்னு இது காட்டும். திணறினா கோடு உச்சிக்கு ஏறும். ஆடுங்க."

அவர் ஆடினார். முதல் இடைவெளியைத் தாண்டினார்கள். இரண்டாவதில் விழுந்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி விழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் கனடாப் பொம்மை சரியாகக் குதித்தது. நீலக்கோடு அடியிலேயே கிடந்தது.

"ஏறலையே," என்றார் தணிகைவேல்.

"ஏறலை."

"அப்ப மெஷின்ல கோளாறு இல்லையா?"

"அது சும்மாதான் உக்காந்திருக்கு ஐயா."

"அப்ப என் கைதானா?"

"உங்க கையில ஒரு குறையும் இல்லை. அது பொற்கொடி கை இல்லை."

தணிகைவேல் அழுதார். மயானத்தில்கூடக் கல்லாக நின்றவர். குரு அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டார்.

அப்போது திரையில் எழுத்துகள் வந்தன. தணிகைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'திரும்பவும் விழுந்திட்டம். பொற்கொடி, உனக்கு என்னடி நடந்தது? நீ முந்தி மாதிரி இல்லை. என்னோட ஏதும் கோவமோ?'"

படித்துவிட்டுக் குருவைப் பார்த்தார்.

"தன்மேல கோவமான்னு கேக்குது, பாவம். அடுத்த வாரம் புது லேப்டாப் வருதுன்னு எழுதிடட்டுமா?"

"எழுதலாம். வாங்கவும் செய்யலாம். அதுலயும் பிந்துவீங்க. அப்ப எதை மாத்தப் போறதா எழுதுவீங்க?"

"உண்மையைச் சொன்னா அது தாங்காதும்மா."

"யாரு தாங்க மாட்டாங்க?"

தணிகைவேல் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மகள் செத்துப்போனதை உங்க வாயால இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"எல்லாருக்கும் தெரியுமே."

"நீங்க சொல்லியிருக்கீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னது மைத்துனர். ஊருக்குச் சொன்னது தெருக்காரர்கள்.

"இல்லை," என்றார்.

திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. தணிகைவேல் விரல்களை எழுத்துப் பலகையின் மேல் வைத்தார்.

"என்னன்னு எழுதட்டும், சொல்லுங்கம்மா."

"அந்தப் பொண்ணு பொற்கொடிக்கு என்ன நடந்ததுன்னு கேக்குது," என்றார் குரு. "நடந்ததை எழுதுங்க."