ஒரே மத்தியானத்தில் முந்நூறு டூல்

"இந்த ஏஐ சுத்த மண்டு, மேடம். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றான் தணிகைவேல்.

பர்வீன் வெளியே பார்த்தாள். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. அவனைவிட எட்டு வயது இளையவள். ஆனாலும் அவன் தொழில் கற்றது அவளிடம்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சூசைராஜ் உட்கார்ந்திருந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டேன்னுதானே போன்ல சொன்னேன்? இன்னைக்கு வந்தா என் பேரே இல்லைங்கிறாங்க! செத்துட்டேன்னு முடிவு கட்டிட்டீங்களா?"

வந்ததிலிருந்து இதையேதான் கத்திக்கொண்டிருந்தார். கத்தமாட்டாரா பின்னே?

அன்று போனில் பேசியது ஏஐ உதவியாளர். ஒரு நாளை நீக்கச் சொன்னால் ஆளையே நீக்கிவிட்டது.

"என் மேல தப்பே இல்லை மேடம். நம்ம மென்பொருளுக்கு ஏபிஐ வரையறை ஏற்கெனவே இருக்கு. அது என்னென்ன வேலை செய்யும், எப்படிக் கூப்பிடணும், எல்லாம் அதுல இருக்கு. அதை அப்படியே ஏஐ எடுத்து வேலை செய்யற டூலா மாத்திட்டேன், ஒவ்வொரு வேலைக்கும் ஒண்ணு. முந்நூறு டூல். ஒரே மத்தியானத்துல!"

"படிச்சீங்களா?"

"எதை?"

"முந்நூறையும்."

"ஸ்கிரிப்ட் போட்டு மாத்தியாச்சு. படிக்க வேற செய்யணுமா?"

இதில் அவனுக்குப் பெருமை வேறு. நானாக இருந்தால் அறைந்திருப்பேன். பர்வீன் எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. இப்ப நீங்கதான் ஏஐ. அதுக்குத் தெரியறது மட்டும்தான் உங்களுக்கும் தெரியும். கொஞ்ச நேரத்துல ஒரு படுக்கை காலியாகுது. சூசைராஜ் ஐயாவைச் சேருங்க."

ஏஐ பார்க்கிற அதே விளக்கத்தோடு மூன்று டூல் திரையில் வந்தன.

சேர்: பதிவைச் சேர்க்கும்.

சேர் 2: பதிவைச் சேர்க்கும்.

சேர் 3: பதிவைச் சேர்க்கும்.

"இதுல எது மேடம்?"

அவள் திரையைக் காட்டினாள்.

"ஒண்ணு புது ஆளைச் சேர்க்கும். ஒண்ணு பழைய ஆளுக்கு நாள் சேர்க்கும். இன்னொண்ணு, இருக்கிற ஆளைத் தூக்கிட்டு இவரைப் போட்டுடும்னு நினைக்கிறேன். எது எது?"

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸை மூன்றுக்கும் நடுவே நகர்த்திக்கொண்டே இருந்தான். தப்பாக அழுத்தினால் இன்னொருவர் பெயர் போய்விடும்.

"சொல்லுங்க மேடம்! இந்த மென்பொருளை எழுதினவங்க எல்லாம் ஒரே ரூம்ல இருந்தாங்க. சந்தேகம்னா திரும்பிப் பக்கத்துல கேட்டுக்கிட்டாங்க. நான் யாரைக் கேக்கறது?"

பர்வீன் மறுபடியும் திரையைத்தான் காட்டினாள்.

அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மவுஸை மேசையில் அடித்தான்.

"அட, என்ன கொடுமை இது! எது என்ன செய்யும்னு எவனாவது தெளிவா ஒரு வரி எழுதித் தொலைச்சிருந்தாத்தானே தெரியும்!"

அலறல் வெளியே வரை கேட்டது.

பர்வீன் போனை எடுத்து வார்டு நர்ஸிடம் பேசினாள். கவுண்டரில் கையாலேயே பெயரைப் பதிந்தார்கள். சக்கர நாற்காலி வந்தது.

சூசைராஜ் ஏறி உட்கார்ந்தார். கோபம் இன்னும் தணியவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரு தம்பி எழுதியிருக்கணும்?"