கீரி விசாரித்து வந்த கூலி

ஒரு மலையடிவாரத்தில் கரடி ஒன்று இருந்தது. மேலே செங்குத்துப் பாறையில் தொங்கிய ஏழு தேனடைகளும் தன்னுடையவை என்று அது சொல்லிக்கொண்டது. ஏறி இறக்குவதோ ஒரு மந்தி. தினக்கூலி ஐந்து மாம்பழம்.

மேற்கே மேகம் கறுத்தது. மழை விழுந்தால் தேனீக்கள் தேனைக் குடித்துவிட்டு அடையை விட்டுப் போய்விடும். கரடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வானத்தைப் பார்ப்பதும் பாறையைப் பார்ப்பதுமாக நடந்தது.

அன்று மந்தி ஏறவில்லை. வயிற்றைப் பிடித்துத் தொங்கும் குட்டியோடு எதிரே வந்து நின்றது.

"முதலாளி, ஐந்து போதவில்லை. பால் வற்றிவிட்டது. குட்டி அழுதபடியே இருக்கிறது. எட்டாகக் கொடுங்கள்!"

"எட்டா! எவன் கொடுக்கிறான் எட்டு?"

"விசாரித்துப் பாருங்களேன்."

"விசாரிக்கிறேன்! ஊரில் கொடுப்பதையே நானும் கொடுப்பேன். அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாது!"

மந்தி சம்மதித்தது.

கரடி கீரியைக் கூப்பிட்டது. "ஓடு! பத்து இடத்தில் கேள். உச்சிவெயிலுக்குள் வந்து சேர்!"

கீரி ஓடியது. மலைப் பக்கம் தலைகாட்டவில்லை. ஏறினால் மூச்சு வாங்குமே! சமவெளித் தோப்புகளில் புகுந்து, முதலாளிகளை மட்டும் பிடித்தது.

"ஏறுகிற ஆளுக்கு என்ன தருகிறீர்கள்?"

"மூன்று" என்றது காட்டுப்பன்றி. "நான்கு!" என்று பெருமையடித்தது முள்ளம்பன்றி.

"அண்ணே, என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!" என்று கொய்யாக் கிளையிலிருந்து கூவியது அணில்.

"உன்னைக் கேட்க எனக்கு ஏது நேரம்!"

உச்சிவெயிலுக்கு முன்பே கீரி திரும்பிவிட்டது. "பத்து இடம், முதலாளி! யாரும் நான்கைத் தாண்டவில்லை!"

கரடி மந்தியின் பக்கம் திரும்பித் துள்ளியது. "பார்த்தாயா! இத்தனை நாள் தினம் ஒரு பழம் கூடுதலாகத் தின்றிருக்கிறாய். இன்றிலிருந்து நான்கு!"

மந்தி கீரியைப் பார்த்தது. "அவர்கள் எதில் ஏறுகிறார்கள்?"

"கொய்யா மரத்தில்."

"எவ்வளவு உயரம்?"

கீரி கால் மாற்றி நின்றது. "அதை யார் கேட்டார்கள்?"

"தேனீ கொட்டுமா?"

"கொய்யாவில் ஏதடி தேனீ!"

மந்தி வீங்கிய கையைத் தடவிக்கொண்டது. குட்டியோடு மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது.

கரடி அவசரமாக அணிலை வரவழைத்தது. அணில் பாறையை அண்ணாந்து பார்த்தது. "இதற்கா நான்கு! நீங்களே ஏறுங்கள், சாமி!" என்று ஓடிவிட்டது.

வேறு வழியில்லை. கரடியே ஏறியது. பாதி உயரத்தில் தேனீக்கள் மூக்கை மொய்த்தன. அலறிக்கொண்டு புதருக்குள் விழுந்தது. இடி இடித்தது. மழை கொட்டியது. மழை விட்டதும் தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போயின. ஓரடைகூட இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கரடி நொண்டிக்கொண்டே மலையைத் தாண்டியது. அங்கே இன்னொரு கரடி மழைக்கு முன்பே தன் அடைகளை இறக்கி முடித்திருந்தது. மந்தி மர நிழலில் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இவன் எவ்வளவு தருகிறான்?"

"ஒன்பது. பாறை ஏறுகிறவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டாராம்."

"நான் பத்து தருகிறேன். வா!"

"வேண்டாம், முதலாளி. நாளைக்கு யாரை விசாரித்து எதைக் குறைப்பீர்களோ!"

கூலியை நியாயமாக நிர்ணயிக்க நினைப்பவன், அதே வேலையைச் செய்கிறவர்களிடம் பொறுமையாக விசாரிக்க வேண்டும். அவசரத்தில் வேறு வேலையின் கூலியை அளவாக வைத்தால், நல்ல வேலையாளை இழப்பான்.